ஜிஎஸ்டி மாறின ராத்திரி உங்க வெப்சைட் எந்த விலையைக் காட்டுச்சு? பிரவுசர் கேஷ், சிடிஎன்: ஒரு சிஏ பார்வையில்

இன்னைக்கு வரி பாதி, வெப்சைட் பாதி.

சம்பள வேலையில இருந்துக்கிட்டே சனி, ஞாயிறுல சொந்தமா டி-ஷர்ட் பிராண்டு நடத்துறவங்களுக்கான கட்டுரை இது. பொங்கலூர்ல மாமாவோட யூனிட்ல தைச்சு, திருப்பூர்ல பிரிண்ட் போட்டு, பெங்களூரு ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து, பல்லடத்துல கூரியர் போடுற ஆளுங்களுக்கு. உங்ககிட்ட ஒரு சின்ன வெப்சைட் இருக்கும். அதுல போட்டோ, விலை, கீழ ஒரு யுபிஐ கியூஆர். "லோடு ஆக லேட்டாகுது மச்சி"ன்னு சொன்னதும், விவரம் தெரிஞ்ச ஃப்ரெண்டு யாராவது ரெண்டு செட்டிங் போட்டுக் கொடுத்திருப்பாங்க. ஒண்ணு பிரவுசர் கேஷ், இன்னொண்ணு சிடிஎன். (இந்தக் கேஷ் காசு இல்லைங்க, எடுத்து வச்ச நகல். ஆனா தப்பா வச்சா காசும் போகும்.)

அது எப்படின்னு 2025 செப்டம்பர் 22-ஐ வச்சே பார்க்கலாம்.

19 நாள்தான் டைம்

2025 செப்டம்பர் 3 அன்னைக்கு 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் நடந்தது. ரெடிமேட் துணிக்கு அதுவரைக்கும் ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 12%. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவுல 19 நாள்.

இதை ரெண்டு பீஸ்ல போட்டுப் பாருங்க. வரிக்கு முன்னாடி 1,500 ரூபாய் போலோ ஒண்ணு: பழைய ரேட்ல 1,680, புது ரேட்ல 1,575. வரிக்கு முன்னாடி 3,000 ரூபாய் ஜாக்கெட் ஒண்ணு: பழசு 3,360, புதுசு 3,540. ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது.

21-ம் தேதி ராத்திரி 12 மணிக்கு நீங்க சர்வர்ல ரெண்டு விலையையும் மாத்திட்டு நிம்மதியா தூங்கிட்டீங்கன்னு வச்சுக்குவோம். காலையில சேலத்துல இருந்து ஒருத்தர் ஜாக்கெட் பக்கத்தைத் திறக்கிறார். அவர் போன்ல 3,360-ன்னே இருக்கு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டு, 3,360-ஐ யுபிஐல போட்டுட்டார். இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? இன்னும் 180 கொடுங்கன்னு கேட்டா, "உங்க சைட்லயே போட்டிருக்கே"ம்பார். அவர் சொல்றது நியாயம். வரி உட்பட மொத்த விலையைக் காட்டணும்னு 2020-ம் வருஷத்து ஈ-காமர்ஸ் விதியும் சொல்லுது. கேட்காம விட்டா, அந்த 3,360-க்குள்ளேயே 18% அடங்கணும். 118-ல 18 பங்கு, அதாவது 512.54 ரூபாய் அரசுக்கு. உங்களுக்கு நிக்கிறது 2,847.46. ஒரு ஜாக்கெட்டுக்கு 152.54 கையை விட்டுப் போச்சு. இப்படி 40 ஆர்டர் வந்தா 6,100 ரூபாய்.

போலோல நிலைமை வேற. பழைய பக்கத்தைப் பார்த்து 1,680 போட்டுட்டார். பழைய டெம்ப்ளேட்டிலேயே 12%-னு பில் அடிச்சா, கூடுதலா வாங்கின 105 ரூபாய் உங்க லாபம் கிடையாது. வரின்னு சொல்லி வாங்கின பணத்தை அரசுக்குக் கட்டியே ஆகணும்னு ஜிஎஸ்டி சட்டம் 76-வது பிரிவு சொல்லுது. 105-ஐத் திருப்பிப் போட்டுட்டு 5%-க்கு பில் கொடுக்கிறதுதான் சுத்தமான வழி.

பார்டர்ல விழுற ஆர்டருக்கு ஒரு மனக்கணக்கு வச்சுக்கோங்க. சரக்கு கொடுத்தது, பில் போட்டது, பணம் வந்தது. இந்த மூணுல ரெண்டு எந்தப் பக்கம் விழுதோ அந்த ரேட். 21-ம் தேதி ராத்திரி பணம் வந்து, 22-ம் தேதி பில் போட்டு அனுப்பினா புது ரேட்தான்.

மில், ஸ்டாக்கிஸ்ட், பீரோ

சர்வர்ல மாத்தின விலை சேலத்துக்காரர் போனுக்கு ஏன் போகலை? நம்ம தொழிலை வச்சே புரிஞ்சுக்கலாம்.

உங்க சர்வர்தான் மில். அது மும்பையில இருக்கலாம், அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்கலாம். வாடிக்கையாளர் ஒவ்வொரு தடவையும் நேரா மில்லுக்கே வந்து சரக்கு எடுத்துட்டுப் போறது தூரம், செலவு. கண்ணாடி இழை கேபிள்ல ஒளி 1,000 கிலோமீட்டர் போக சுமார் 5 மில்லிசெகண்ட் ஆகும். வர்ஜீனியா நமக்கு 14,000 கிலோமீட்டர் பக்கம். போய்ட்டு வர்றதுக்கே குறைஞ்சது 140 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டுல போறதில்லைங்கிறதால நிஜத்துல 200-ஐத் தாண்டும். ஒரு பக்கம் திறக்க இந்தப் பயணம் பல தடவை நடக்கணும்.

சிடிஎன் ஒரு ஸ்டாக்கிஸ்ட். உங்க பக்கத்தோட, போட்டோவோட நகலை ஊர் ஊரா இருக்கிற அவங்க குடோன்ல வச்சிருப்பாங்க. கிளவுட்ஃபிளேர் 2015-லேயே சென்னை, மும்பை, டெல்லி மூணு ஊர்லயும் குடோன் போட்டுட்டாங்க. அமேசானோட கிளவுட்ஃபிரன்ட்டுக்கும் சென்னையில இருக்கு. சேலத்துக்காரருக்கு இனி சரக்கு சென்னையில இருந்தே போகும்.

பிரவுசர் கேஷ் வாடிக்கையாளர் வீட்டு பீரோ. ஒரு தடவை வந்த போட்டோவை அவரோட போனே எடுத்து வச்சுக்கும். அடுத்த தடவை சென்னைக்குக் கூடப் போக வேண்டாம், டேட்டாவும் செலவாகாது. வேகத்துல இதை அடிச்சுக்க ஆளே இல்லை.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஜிஎஸ்டி மாறினப்போ, விக்காம இருந்த சரக்குல புது எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒட்டிக்க அரசு அனுமதி கொடுத்துச்சு, ஞாபகம் இருக்கா? குடோன்ல, கடையில இருக்கிற பெட்டியைப் பிரிச்சு ஸ்டிக்கர் ஒட்டலாம். வாங்கிட்டுப் போனவர் வீட்டு பீரோவைத் திறந்து ஒட்ட முடியுமா? சிடிஎன்ல "பர்ஜ்" அல்லது "இன்வேலிடேட்"னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினா குடோன்ல இருக்கிற பழைய நகல் எல்லாம் காலி. வாடிக்கையாளர் போன்ல இருக்கிற நகலை எடுக்கிறதுக்கு உங்ககிட்ட எந்தப் பட்டனும் இல்லை. நீங்க முதல்ல சொல்லி அனுப்பின கெடு முடியுற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும்.

அதனால கேள்வியை இப்படிக் கேளுங்க: எதைத் திரும்பக் கூப்பிட முடியும், எதை முடியாது? கூப்பிட முடியுற இடத்துல கெடுவை நீளமா வைங்க. முடியாத இடத்துல குறைச்சலா வைங்க.

கெடுவை எங்க எழுதுறது

சர்வர் ஒவ்வொரு ஃபைலையும் அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டு வச்சு அனுப்பும். அதோட பேர் கேஷ்-கன்ட்ரோல். அதுல "மேக்ஸ்-ஏஜ்"னு ஒரு நம்பர் இருக்கும். இத்தனை செகண்டு வரைக்கும் இந்த நகலை நம்பலாம்னு அர்த்தம். "எஸ்-மேக்ஸ்ஏஜ்"னு இன்னொரு நம்பரும் போடலாம். அது சிடிஎன் மாதிரி பொதுக் குடோனுக்கு மட்டும், வாடிக்கையாளர் போன் அதைக் கண்டுக்காது. இந்த ரெண்டையும் தனித்தனியா கொடுக்கலாம்ங்கிறதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. விலை இருக்கிற பக்கத்துக்கு மேக்ஸ்-ஏஜ் 0 அல்லது 60 செகண்டு, எஸ்-மேக்ஸ்ஏஜ் 86,400 செகண்டு, அதாவது ஒரு நாள். அப்படின்னா போன் ஒவ்வொரு தடவையும் சென்னை குடோனைக் கேட்கும், குடோன் மும்பையை நாளைக்கு ஒரு தடவை கேட்கும். விலை மாறினா குடோனை மட்டும் காலி பண்ணிட்டீங்கன்னா போதும்.

தினமும் கேட்டா ஸ்லோ ஆகாதான்னு தோணும். போன் கேட்கிறது "என்கிட்ட இந்த நகல் இருக்கு, மாறியிருக்கா?"ன்னு மட்டும்தான். மாறலைன்னா 304-ன்னு ஒரு சின்னப் பதில் வரும், மொத்தப் பக்கமும் திரும்ப வராது.

"நோ-கேஷ்"னு ஒரு வார்த்தை இருக்கு. பேரைப் பார்த்து ஏமாந்திடாதீங்க. சேமிக்காதேன்னு அதுக்கு அர்த்தம் இல்லை, சேமிச்சுக்கோ, ஆனா ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுக் காட்டுன்னு அர்த்தம். சேமிக்கவே கூடாதுன்னா "நோ-ஸ்டோர்". யார் இப்படிப் பேர் வச்சாங்களோ!

போட்டோவுக்கு நேர் எதிர். ஒரு டி-ஷர்ட் போட்டோ மாறவே மாறாது. ஒரு வருஷம், அதாவது 3,15,36,000 செகண்டு தாராளமா கொடுங்க. ஒரு நிபந்தனை: போட்டோவை மாத்துறப்போ அதே ஃபைல் பேர்ல மேல ஏத்தாதீங்க. "போலோ-நீலம்-1" இருந்தா அடுத்தது "போலோ-நீலம்-2". பேர் மாறினா போனுக்கு அது புது ஃபைல், பீரோவுல இருக்கிற பழசைத் தேடாது. டிசைன் ஃபைலுக்கும் இதே வழிதான். விலைப் பட்டியலை ஒரு படமா டிசைன் பண்ணி அதே பேர்ல மாத்தி மாத்திப் போடுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. ஒரு வருஷ கெடுவோட அது சேர்ந்துச்சுன்னா, அடுத்த தீபாவளிக்கும் ஒருத்தர் போன தீபாவளி விலையைக் காட்டுவார்.

சீட்டே வைக்கலைன்னா?

"நான் எந்தக் கேஷ் செட்டிங்கும் போடலையே, எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை"ன்னு நினைச்சா, ஒரு நிமிஷம்.

சீட்டு இல்லாம வந்த ஃபைலுக்கு பிரவுசர் தானே ஒரு கெடுவைக் கணிச்சுக்கலாம்னு விதி இருக்கு. வழக்கமான கணக்கு, அந்தப் பக்கம் கடைசியா மாறி எத்தனை நாளாச்சோ அதுல பத்துல ஒரு பங்கு. ரொம்ப நாளா மாறாதது இன்னும் கொஞ்ச நாளைக்கு மாறாதுங்கிற யூகம்.

உங்க விலைப் பக்கத்தைக் கடைசியா மே 1 அன்னைக்கு மாத்தினீங்க. ஒருத்தர் செப்டம்பர் 20 அன்னைக்குப் பார்த்தார். நடுவுல 142 நாள். பத்துல ஒரு பங்கு 14 நாள். அவர் போன் அக்டோபர் 4 வரைக்கும் பழைய விலையைக் காட்டலாம். நவராத்திரி முழுக்க! அவர் ரீலோடு பண்ணினா சரியாயிடும், ஆனா விலை பழசுன்னே தெரியாதவர் எதுக்கு ரீலோடு பண்ணப் போறார்?

சிடிஎன்னும் சும்மா இருக்காது. கிளவுட்ஃபிரன்ட்டோட வழக்கமான அமைப்புல, சீட்டு இல்லாத ஃபைலை 24 மணி நேரம் வச்சுக்கும். கிளவுட்ஃபிளேர் பொதுவா பக்கத்தை விட்டுட்டு போட்டோ, டிசைன் ஃபைலை மட்டும் சேமிக்கும். ஆனா அதுல "பிரவுசர் கேஷ் டிடிஎல்"னு ஒரு இடம் இருக்கு, ஆரம்பத்துல 4 மணி நேரம்னு இருக்கும். நீங்க சர்வர்ல 5 நிமிஷம்னு எழுதியிருந்தாலும், சேமிக்கிற ஃபைலுக்கு அதை 4 மணி நேரமா மாத்தி வாடிக்கையாளருக்கு அனுப்பிடும். மில்லுல எழுதின சீட்டை ஸ்டாக்கிஸ்ட் கிழிச்சுட்டு வேற ஒட்டுற கதை. அந்த இடத்துல "ரெஸ்பெக்ட் எக்ஸிஸ்டிங் ஹெடர்ஸ்"னு மாத்திடுங்க.

பில்லுல என்ன மிச்சம்

இவ்வளவு வம்புக்கு எதுக்கு கேஷ், எடுத்துடலாமேன்னா, கணக்கைப் பாருங்க. ஒரு பக்கத்துல 400 கேபி அளவுல 8 போட்டோ, 3.2 எம்பி. ஒருத்தர் 3 பக்கம் பார்த்தா 9.6 எம்பி. மாசம் 1 லட்சம் வருகைன்னா 960 ஜிபி. ஒரு ரீல் ஓடிட்டா இந்த நம்பர் பெரிசில்லை.

ஏடபிள்யூஎஸ் மும்பை சர்வர்ல இருந்து நேரா அனுப்பினா, முதல் 100 ஜிபி இலவசம், அதுக்கு மேல ஜிபிக்கு 0.1093 டாலர். 860 ஜிபிக்கு 94 டாலர், ரூபாய்ல 8,000-க்குக் குறையாது, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. அதையே கிளவுட்ஃபிரன்ட் வழியா அனுப்பினா மாசம் 1 டிபி, 1 கோடி ரிக்வெஸ்ட் வரைக்கும் இலவசம். 2021 டிசம்பர்ல இருந்து இந்தச் சலுகை இருக்கு. சர்வர்ல இருந்து குடோனுக்குப் போற டேட்டாவுக்கும் காசு இல்லை. வாடிக்கையாளர் பீரோவுல இருந்தே எடுக்கிற போட்டோ இந்தக் கணக்குக்கே வராது. குடோனைக் காலி பண்றதுலயும் மாசம் முதல் 1,000 பாதை இலவசம், அதனால பர்ஜ் பண்ண யோசிக்க வேண்டாம்.

சேமிக்கவே கூடாதது

லாகின், கார்ட், "என் ஆர்டர்கள்", முகவரி. இந்தப் பக்கங்களுக்கு "பிரைவேட், நோ-ஸ்டோர்"னு எழுதணும். இது விலை விஷயம் மாதிரி 105 ரூபாயோட போறதில்லை.

2015 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஸ்டீம்ங்கிற கேம் கடையில நடந்தது இதுதான். தாக்குதல் வந்த நேரத்துல அவசரமா ஒரு கேஷ் அமைப்பை மாத்தினாங்க. ஒருத்தருக்காகத் தயாரான பக்கம் குடோன்ல போய் உட்கார்ந்துச்சு, அடுத்து வந்தவருக்கு அதையே எடுத்துக் கொடுத்துச்சு. ஒருத்தரோட பில்லிங் முகவரி, ஈமெயில், வாங்கின விவரம் எல்லாம் இன்னொருத்தர் திரையில. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதா அந்தக் கம்பெனியே சொன்னது. "எல்லாத்தையும் கேஷ் பண்ணு"ன்னு ஒரே விதி போட்டு வச்சிருக்கிற சின்ன சைட்டுக்கும் இதே ஆபத்து இருக்கு. உங்க ஃப்ரெண்டு அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தா, இன்னைக்கே கேளுங்க.

இன்னொரு பக்கமும் தெரிஞ்சிருக்கட்டும். 2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை மதியம் 2:17-ல இருந்து சுமார் 25 நிமிஷம் ஜெரோதா, குரோ திறக்காம பதறினீங்களே, அது கிளவுட்ஃபிளேர் தகராறு. மார்க்கெட் ஓடிக்கிட்டு இருந்த நேரம். ஸ்டாக்கிஸ்ட் ஷட்டரை இறக்கிட்டா மில் ஓடினாலும் சரக்கு போகாது. டி-ஷர்ட் கடைக்கு 25 நிமிஷம் தாங்கும், அதுக்காக சிடிஎன் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் நம்பரை இன்ஸ்டா பக்கத்துலயும் போட்டு வைங்க.

அடுத்த ரேட் மாத்தம் வரும்போது

இப்ப உங்க விலைப் பக்கத்தோட பிரவுசர் கெடு 7 நாள்னா, மாத்தம் அமலாகுறதுக்கு 7 நாள் முன்னாடியே அதை 60 செகண்டுக்கு இறக்கணும். அன்னைக்கு ராத்திரி இறக்கினா பிரயோஜனம் இல்லை, ஏன்னா முந்தின நாள் வந்தவர் ஏற்கனவே 7 நாள் சீட்டு வாங்கிட்டுப் போயிருப்பார். 30 நாள் கெடு வச்சிருந்தா? செப்டம்பர் 3 அறிவிப்புக்கும் 22 அமலுக்கும் 19 நாள்தான். அறிவிப்பைக் கேட்ட நிமிஷமே ஓடிப்போய் மாத்தியிருந்தாலும், செப்டம்பர் 2 அன்னைக்கு வந்தவர் போன்ல அக்டோபர் 2 வரைக்கும் பழைய விலைதான். அதனால விலை இருக்கிற பக்கத்துக்கு நீளமான பிரவுசர் கெடு எப்பவுமே வேண்டாம்.

ராத்திரி செய்யுற வரிசையும் முக்கியம். முதல்ல சர்வர்ல விலையை மாத்துங்க, அப்புறம் குடோனைக் காலி பண்ணுங்க. தலைகீழா பண்ணினா, காலியான குடோன் அடுத்த வாடிக்கையாளருக்காக மில்லுக்குப் போய் பழைய விலையையே திரும்ப ஏத்திக்கும்.

சரியா நடந்துச்சான்னு பார்க்க உங்க போனை நம்பாதீங்க. வேற போன்ல, வைஃபை இல்லாம மொபைல் டேட்டாவுல திறங்க. லேப்டாப் குரோம்ல எஃப்12 அமுக்கி "நெட்வொர்க்" போய் பக்கத்தைக் கிளிக் பண்ணினா சீட்டு அப்படியே தெரியும். கிளவுட்ஃபிளேர்னா "சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ்"ல ஹிட்னு இருந்தா குடோன் சரக்கு, மிஸ்னு இருந்தா மில்லுல இருந்து இப்பதான் வந்தது. "ஏஜ்"னு ஒரு நம்பர் இருந்தா அது குடோன்ல எத்தனை செகண்டா இருக்குன்னு அர்த்தம். பர்ஜ் பண்ணின பிறகும் அது 40,000-ன்னு காட்டினா, காலி ஆகலை.

கடைசியா கணக்குப் பக்கம் ரெண்டு வார்த்தை. தமிழ்நாட்டுக்கு வெளிய ஒரே ஒரு டி-ஷர்ட் உங்க சைட்ல இருந்து போனாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், 40 லட்சம் வரம்பு அங்க செல்லாது. பதிவு இருந்தா, சர்வர் கணக்குல உங்க ஜிஎஸ்டிஐஎன் நம்பரைச் சேர்த்துடுங்க. அந்த 18%-ஐ இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். சிடிஎன் கம்பெனி வெளிநாட்டுல இருந்து பில் போட்டா, ரிவர்ஸ் சார்ஜ்ல நீங்களே வரியைக் கட்டி, பிறகு கிரெடிட் எடுக்கணும். வருமான வரியில அனுமான வருமான முறையில போறவங்க இந்த பில்லைச் செலவா தனியா கழிக்க முடியாது, 6% அல்லது 8%-க்குள்ள எல்லாச் செலவும் அடக்கம். ஆனாலும் பில்லை டவுன்லோடு பண்ணி மாசாமாசம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.